ஒத்திவைக்கப்பட்ட 3 ஆட்டங்கள், காத்திருக்கும் 46 ஆட்டங்கள்: மோர்கம் கால்பந்து கிளப்பின் முன்னுள்ள பாதை

இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள சிறு நகரமான மோர்கமின் கால்பந்து கிளப், சனிக்கிழமை (2025 ஆக. 23) தனது சொந்த மைதானத்தில் ஆல்ட்ரிங்கம் அணியை எதிர்கொள்கிறது. ஐந்தாம் நிலை லீக்கில் நடைபெறும் இந்த ஆட்டம் வழக்கமான ஆண்டாக இருந்திருந்தால் உள்ளூர்ச் செய்தியாக மட்டுமே முடிந்திருக்கும். ஆனால், சில நாள்களுக்கு முன்பு வரை இந்த ஆட்டம் நடைபெறுமா, அதற்கு முன்னதாக அந்த கிளப் இருக்குமா என்ற கேள்விக்கே விடை இல்லாமல் இருந்தது.

105 ஆண்டுகள் பழைமையான மோர்கம் கிளப்பை இங்கிலாந்தின் நேஷனல் லீக் நிர்வாகம் ஜூலை 28-ஆம் தேதி இடைநீக்கம் செய்தது. பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஆகஸ்ட் 17-ஆம் தேதி ‘பஞ்சாப் வாரியர்ஸ்’ என்ற சீக்கிய முதலீட்டாளர்களின் நிறுவனம் கிளப்பை வாங்கியதை அடுத்து, இந்த வாரம் இடைநீக்கம் விலக்கப்பட்டது. இனி அந்த அணி ஏப்ரல் மாத இறுதிக்குள் 46 லீக் ஆட்டங்களையும் ஆடி முடிக்க வேண்டும்.

நெருக்கடியில் உள்ள ஒரு சிறிய கிளப்புக்கு ஆட்ட அட்டவணை என்பது எதிரணிகளின் பெயர்ப் பட்டியல் மட்டுமல்ல. நுழைவுச்சீட்டு வருவாய், வீரர்களின் ஊதியம், ஊழியர்களின் வேலை, எல்லாவற்றுக்கும் மேலாக கிளப் உயிரோடு இருக்கிறது என்பதற்கான சான்று ஆகிய அனைத்தும் அந்த அட்டவணையில்தான் அடங்கியுள்ளன.

‘நான்-லீக்’ என்றால் என்ன?

இங்கிலாந்து கால்பந்து ஓர் ஏணியைப் போன்றது. உச்சியில் 20 அணிகள் கொண்ட பிரீமியர் லீக். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன்று, லீக் இரண்டு என மூன்று படிகளில் 72 அணிகள். இந்த 92 அணிகளுக்கு வெளியே உள்ள நூற்றுக்கணக்கான கிளப்புகளையே ‘நான்-லீக்’ கிளப்புகள் என்று அழைக்கின்றனர். அவையும் லீக் போட்டிகளிலேயே ஆடுகின்றன; பழைய ‘ஃபுட்பால் லீக்’ அமைப்புக்கு வெளியே உள்ளவை என்பதே அச்சொல்லின் பொருள்.

நான்-லீக்கின் முதல் படி நேஷனல் லீக். இதில் 24 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் மற்ற 23 அணிகளுடன் சொந்த மைதானத்தில் ஒரு முறையும், எதிரணியின் மைதானத்தில் ஒரு முறையும் ஆட வேண்டும். முதலிடம் பெறும் அணி நேரடியாக மேல் படிக்குச் செல்லும். இரண்டு முதல் ஏழாம் இடம் வரை பெறும் அணிகள் பிளே-ஆஃப் சுற்றில் மோதும். அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே வாய்ப்பு. கடைசி நான்கு இடங்களைப் பெறும் அணிகள், வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரியும் அடுத்த படிக்கு இறக்கப்படும்.

இந்த வாயில் எவ்வளவு குறுகியது என்பதற்கு 2024-25 பருவமே சான்று. பார்னெட் அணி 102 புள்ளிகளுடன் சாம்பியனானது. 96 புள்ளிகள் பெற்றும் யார்க் சிட்டி அணியால் மேலே செல்ல இயலவில்லை. 73 புள்ளிகளுடன் ஐந்தாம் இடம் பிடித்த ஓல்டம் அத்லெடிக், பிளே-ஆஃப் வழியாக உயர்ந்தது. இரண்டுக்குப் பதிலாக மூன்று அணிகளை உயர்த்த வேண்டும் என்று நேஷனல் லீக் கிளப்புகள் ஒன்றுசேர்ந்து கோரியதற்கு இதுவே காரணம்.

ஏறியதும் இறங்கியதும்

1920-இல் தொடங்கப்பட்ட மோர்கம் கிளப், தன் வரலாற்றின் பெரும்பகுதியை நான்-லீக்கிலேயே கழித்தது. 1974-இல் நான்-லீக் அணிகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி கோப்பையை வென்றது. 2007-இல் வெம்ப்லி மைதானத்தில் நடைபெற்ற பிளே-ஆஃப் இறுதியாட்டத்தில் எக்ஸிடர் சிட்டி அணியை 2-1 என்ற கணக்கில் வீழ்த்தி, முதல்முறையாக ஃபுட்பால் லீக்கில் நுழைந்தது.

மோர்கம் விரிகுடாவில் பிடிக்கப்படும் இறால்தான் அந்த ஊரின் அடையாளம். கிளப்பின் செல்லப்பெயரும் ‘இறால்கள்’ என்பதே. சுமார் 35 ஆயிரம் பேர் வசிக்கும் அந்த நகரத்தின் அணி, 2021-இல் நியூபோர்ட் கவுண்டியை 1-0 என வென்று மூன்றாம் படியான லீக் ஒன்றுக்கு உயர்ந்தது. ஊரின் அளவையும் கிளப்பின் வருவாயையும் கருதினால் அது அரிய சாதனை.

ஆனால், அந்த உயரம் நீடிக்கவில்லை. 2022 செப்டம்பரில் கிளப் விற்பனைக்கு என அறிவிக்கப்பட்டது. 2023-இல் லீக் இரண்டுக்கும், 2025-இல் அங்கிருந்து நேஷனல் லீக்குக்கும் அணி இறக்கப்பட்டது. 18 ஆண்டு கால ஃபுட்பால் லீக் வாழ்க்கை முடிவுக்கு வந்தது.

களத்துத் தோல்வியைக் காட்டிலும் களத்துக்கு வெளியே நிகழ்ந்ததே ரசிகர்களை அச்சுறுத்தியது. விற்பனைப் பேச்சு மூன்று ஆண்டுகள் இழுத்தடிக்கப்பட்டது. இந்தக் கோடையில் வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஊதியம் உரிய காலத்தில் வழங்கப்படவில்லை. முந்தைய உரிமையாளரான ஜேசன் விட்டிங்கம் இணை உரிமையாளராக இருந்த வூஸ்டர் வாரியர்ஸ் ரக்பி கிளப் 2022-இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளானதை நினைவில் கொண்டிருந்த மோர்கம் ரசிகர்கள், அதே கதி தங்களுக்கும் நேருமோ என்று கலங்கினர். இந்த விவகாரம் பிரிட்டன் நாடாளுமன்றத்திலும் எழுப்பப்பட்டது.

ஆட்டம் நடத்த என்னென்ன தேவை?

ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாஸ்டன் யுனைடெட் அணியுடன் அதன் மைதானத்தில் மோர்கம் தன் பருவத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஆட்டமும் அடுத்து வந்த இரண்டு ஆட்டங்களும் நடைபெறவில்லை.

ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு 22 வீரர்களும் ஒரு பந்தும் போதும் என்று தோன்றலாம். லீக் ஆட்டம் அவ்வாறு அன்று. முதலில் லீக்கின் உரிமம் செல்லுபடியாக வேண்டும். வரி நிலுவை, ஊதிய நிலுவை ஆகியவற்றுக்குத் தீர்வு காட்டப்பட வேண்டும். வீரர்கள் ஒப்பந்தம் செய்யப்பட்டு லீக்கில் பதிவு செய்யப்பட வேண்டும். மைதானத்துக்கு உள்ளாட்சி நிர்வாகத்தின் பாதுகாப்புச் சான்று இருக்க வேண்டும். காப்பீடு, மருத்துவக் குழு, பார்வையாளர்களை வழிநடத்தும் பணியாளர்கள் ஆகியோரும் அவசியம். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆட்டம் நின்றுவிடும். மோர்கமில் ஒரே நேரத்தில் பல கண்ணிகள் அறுந்திருந்தன.

ஆட்டம் நின்றால் வருவாயும் நிற்கும். லீக் ஆட்டங்களில் நுழைவுச்சீட்டு வசூல் சொந்த மைதானத்து அணிக்கே சேரும். தொலைக்காட்சி உரிமத் தொகை சொற்பமாகக் கிடைக்கும் ஐந்தாம் படியில், சனிக்கிழமை பிற்பகலில் வாயிலைக் கடந்து உள்ளே வருபவர்கள்தான் கிளப்பின் அடுப்பை எரிய வைக்கின்றனர். பணம் இல்லாததால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாததால் பணம் இல்லை என்ற சுழலில் சிக்கிய சிறு கிளப்புகள் பலவும் மீண்டதில்லை.

‘கையில் மூன்று ஆட்டங்கள்’ வரமா, சுமையா?

மற்ற அணிகள் ஆடத் தொடங்கிவிட்ட நிலையில், மோர்கம் புள்ளிப்பட்டியலின் அடியில் பூஜ்ஜியத்துடன் நிற்கிறது. ஒத்திவைக்கப்பட்ட மூன்று ஆட்டங்களையும் வென்றால் 9 புள்ளிகள் கிடைக்கும் என்று காகிதத்தில் கணக்கிடலாம். ஆனால், ஆடப்படாத ஆட்டத்துக்குப் புள்ளி இல்லை.

சனிக்கிழமையிலிருந்து ஏப்ரல் இறுதி வரை உள்ள கால இடைவெளி சுமார் 35 வாரங்கள். அதற்குள் 46 லீக் ஆட்டங்கள் என்றால், சராசரியாக மூன்று வாரங்களுக்கு நான்கு ஆட்டங்கள். இவற்றுடன் கோப்பைப் போட்டிகளும் சேரும். ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்கள் வழக்கமாக வாரத்தின் நடுவில், செவ்வாய்க்கிழமை இரவுகளில் வைக்கப்படும். குளிர்காலத்தில் மழையாலும் உறைபனியாலும் மேலும் சில ஆட்டங்கள் தள்ளிப்போவது அங்கு வாடிக்கை. எனவே, ஆகஸ்டில் விட்டுப்போன ஆட்டங்களின் சுமை, வீரர்கள் களைத்திருக்கும் மாதங்களில்தான் தெரியவரும்.

24 அணிகள் ஆடும் லீக்கில் 50 புள்ளிகளைத் தொட்டால் தரமிறக்கத்திலிருந்து தப்பலாம் என்பது பொதுவான கணக்கு. அதாவது, ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேல். மூன்றில் ஓர் ஆட்டத்தை வென்று சிலவற்றைச் சமன் செய்தாலே அதை எட்டலாம். கோடைக்காலப் பயிற்சி முகாமே இல்லாமல், அவசரமாகத் திரட்டப்படும் ஓர் அணிக்கு இந்த எளிய இலக்கும் எளிதாக இராது.

எதிரே வரும் அணிகள்

மோர்கமின் அட்டவணையைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அதில் உள்ள எதிரணிகள் பலவும் இதே போன்ற பள்ளத்தில் விழுந்து எழுந்தவை.

சவுத்எண்ட் யுனைடெட், 101 ஆண்டுகள் ஃபுட்பால் லீக்கில் இருந்துவிட்டு 2021-இல் வெளியேறியது. வரி நிலுவைக்காகக் கிளப்பைக் கலைக்கக் கோரும் மனுக்களைத் தொடர்ச்சியாக எதிர்கொண்டது. 2023-இல் அதன் 10 புள்ளிகள் பறிக்கப்பட்டன. 2024 ஜூலையில் புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறிய அந்த அணி, அடுத்த பருவத்திலேயே ஏழாம் இடம் பிடித்து பிளே-ஆஃப் இறுதியாட்டம் வரை முன்னேறியது. அங்கு கூடுதல் நேரத்தில் 3-2 என ஓல்டமிடம் தோற்றது.

ரோச்டேல் 102 ஆண்டு லீக் வாழ்க்கைக்குப் பின் 2023-இல் நேஷனல் லீக்குக்கு இறங்கியது. மறு ஆண்டே பணமின்றி மூடப்படும் நிலைக்குச் சென்று, உள்ளூர்த் தொழில் குடும்பம் ஒன்றால் காப்பாற்றப்பட்டது. ஸ்கன்தார்ப் யுனைடெட் 2022, 2023 என அடுத்தடுத்த ஆண்டுகளில் இரு முறை இறக்கப்பட்டது. தன் சொந்த மைதானத்தையே இழக்கும் நிலையில் தத்தளித்த அந்த அணி, 2025-இல்தான் ஆறாம் படியிலிருந்து மீண்டு வந்தது.

தென்மேற்குக் கோடியில் உள்ள கார்ன்வால் பகுதியின் ட்ரூரோ சிட்டி, சொந்த மைதானம் இல்லாமல் வேறு ஊர்களில் ‘சொந்த ஆட்டங்களை’ ஆடிவந்தது. 2024-இல்தான் ஊர் திரும்பியது. 2025-இல் முதல்முறையாக நேஷனல் லீக்குக்குத் தகுதி பெற்றது. அந்த அணியுடன் ஆட மோர்கம் வீரர்கள் சாலை வழியாக 500 கிலோமீட்டருக்கும் மேல் ஒரு வழியில் பயணிக்க வேண்டும். விமானமோ நட்சத்திர விடுதியோ கட்டுப்படியாகாத கிளப்புக்குப் பேருந்துக் கட்டணமும் ஓர் இரவுத் தங்கலும்கூடக் கணக்கில் எழுதப்படும் செலவுகளே.

வசூல் நோக்கில் முக்கியமானது கார்லைல் யுனைடெட் அணியுடனான ஆட்டம். மோர்கமுக்கு வடக்கே, ஸ்காட்லாந்து எல்லையருகே உள்ள கார்லைல், மோர்கமுடன் சேர்ந்தே லீக் இரண்டிலிருந்து இறக்கப்பட்டது. அண்டைப் பகுதி அணி என்பதால் வெளியூர் ரசிகர்கள் பெருமளவில் வருவர். சுமார் 6,500 பேர் அமரவும் நிற்கவும் இடமுள்ள மோர்கம் மைதானத்துக்கு இத்தகைய ஆட்டங்கள் சில வாரச் செலவை ஈடுகட்டக்கூடியவை.

புதிய உரிமையாளர், புதிய பயிற்சியாளர்

கிளப்பை வாங்கியுள்ள பஞ்சாப் வாரியர்ஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி குல்ஜித் சிங் மோமி. பிரிட்டனில் தெற்காசிய வம்சாவளியினர் லட்சக்கணக்கில் வாழ்ந்தாலும், தொழில்முறைக் கால்பந்தில் வீரர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இடம்பெறுவோர் மிகச் சிலரே. அந்த வகையில் இந்தக் கைமாற்றம் ஒரு கிளப்பின் மீட்பு என்பதைத் தாண்டியும் கவனிக்கப்படுகிறது.

2021-இல் அணியை லீக் ஒன்றுக்கு உயர்த்திய டெரெக் ஆடம்ஸ் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, அப்போது 30 வயதான அஷ்வீர் சிங் ஜோஹல் 2025 ஆகஸ்டில் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். லெஸ்டர் சிட்டியின் இளையோர் அகாடமி, விகன் அத்லெடிக், இத்தாலியின் கோமோ ஆகிய கிளப்புகளில் பயிற்சிக் குழுவில் பணியாற்றியவர். அப்போது இங்கிலாந்தின் முதல் ஐந்து படிகளில் இருந்த பயிற்சியாளர்களில் இவரே மிக இளையவராக இருந்தார். தலைமைப் பயிற்சியாளராக இதுவே அவருக்கு முதல் பொறுப்பு.

அவர்முன் உள்ள முதல் பணி உத்தி வகுப்பதன்று, ஆள் சேர்ப்பது. நெருக்கடி நீடித்த வாரங்களில் வீரர்கள் பலர் விலகியதால், ஒரு முழு அணியைக் களமிறக்கும் அளவுக்குக்கூட ஒப்பந்த வீரர்கள் இல்லை. சில நாள்களில் வீரர்களைத் திரட்டி, பதிவு செய்து, ஒருவரையொருவர் அறியச் செய்து, சனிக்கிழமை களத்தில் நிறுத்த வேண்டும்.

கோப்பைகள் தரும் வாய்ப்பு

லீக் ஆட்டங்களுக்கு இடையே இரண்டு கோப்பைப் போட்டிகள் உள்ளன. எஃப்.ஏ. கோப்பையில் நேஷனல் லீக் அணிகள் அக்டோபரில் நடைபெறும் நான்காம் தகுதிச் சுற்றில் நுழைகின்றன. அதில் வென்றால் முதன்மைச் சுற்று. அங்கு லீக் ஒன்று, லீக் இரண்டு அணிகள் காத்திருக்கும். மேலும் இரண்டு சுற்றுகளைக் கடந்தால், ஜனவரியில் பிரீமியர் லீக் அணி ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பும் உண்டு.

ஒவ்வொரு வெற்றிக்கும் பரிசுத்தொகை வழங்கப்படுகிறது. வாயில் வசூலில் இரு அணிகளுக்கும் பங்கு கிடைக்கும். பெரிய அணியுடன் ஓர் ஆட்டம் அமைந்தால், சிறிய கிளப்பின் ஓராண்டு வரவு-செலவே மாறிவிடும். மற்றொன்று, மோர்கம் 1974-இல் வென்ற அதே எஃப்.ஏ. டிராஃபி. கோப்பை ஆட்டங்கள் வீரர்களுக்குச் சுமை, கணக்காளருக்கு நம்பிக்கை.

தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதற்கு விடை மோர்கமிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. 1885-இல் தொடங்கப்பட்டு, 1900, 1903 ஆகிய ஆண்டுகளில் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பெரி கிளப், 2019 ஆகஸ்டில் இதே கட்டத்தில் நின்றது. ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒத்திவைக்கப்பட்டன. உரிமை மாற்றம் கைகூடவில்லை. ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கிலிருந்து அந்த கிளப் நீக்கப்பட்டது. அந்தப் பருவத்தில் லீக் ஒன்று 23 அணிகளுடனேயே நடைபெற்றது.

ரசிகர்கள் பழைய மைதானத்தை மீட்டு, கிளப்பை மீண்டும் ஒருங்கிணைக்கப் பல ஆண்டுகள் ஆயின. நாட்டின் மூன்றாம் படியில் இருந்த பெரி, 2025-26 பருவத்தில் எட்டாம் படியில் ஆடியது.

மற்றோர் எடுத்துக்காட்டு, கிழக்குக் கடலோர நகரமான ஸ்கார்பரோ. நான்-லீக் சாம்பியனுக்கு ஃபுட்பால் லீக்கில் நேரடியாக இடம் அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தபோது, 1987-இல் அதன் முதல் பயனாளி அந்த கிளப்தான். 2007-இல், மோர்கம் லீக்குக்குள் நுழைந்த அதே கோடையில், கடன் சுமையால் ஸ்கார்பரோ கலைக்கப்பட்டது.

இத்தகைய சரிவுகளைத் தடுக்கும் நோக்கில் பிரிட்டன் அரசு கொண்டுவந்த கால்பந்து நிர்வாகச் சட்டம், ஜூலை 21-ஆம் தேதி மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. மோர்கம் இடைநீக்கம் செய்யப்படுவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு! நேஷனல் லீக் உள்பட முதல் ஐந்து படிகளின் கிளப்புகளுக்கு உரிமம் வழங்கவும், உரிமையாளர்களின் தகுதியைச் சோதிக்கவும், தகுதியற்றவர்களை வெளியேற்றவும் சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்புக்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கிறது. எனினும், அந்த அமைப்பு முழு அளவில் செயல்படுவதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

இந்தியாவுக்கும் அந்நியமல்ல

அட்டவணை இல்லாத பருவம் எத்தகையது என்பதை இந்திய ரசிகர்களும் 2025-இல் அறிந்துகொண்டனர். அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் போட்டியை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவடையவிருந்த நிலையில், 2025-26 இந்தியன் சூப்பர் லீக் பருவம் நிறுத்திவைக்கப்படுவதாக ஜூலை 11-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் பெங்களூரு எஃப்.சி. தனது வீரர்கள், ஊழியர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை சென்றது.

இரண்டு நெருக்கடிகளின் காரணங்கள் வேறு. மோர்கமில் ஒரே ஒரு கிளப் அட்டவணையிலிருந்து விடுபட்டது. இங்கே அட்டவணையே வெளியாகவில்லை. ஆனால், ஆட்டத் தேதி தெரியாத வீரர், ஊதியம் கிடைக்காத மைதானப் பணியாளர், பருவச்சீட்டு வாங்கலாமா எனத் தயங்கும் ரசிகர் ஆகியோரின் நிலை இரு நாடுகளிலும் ஒன்றே.

இனி கவனிக்க வேண்டியவை

அடுத்த சில வாரங்களில் மூன்று அம்சங்கள் மோர்கமின் போக்கைத் தீர்மானிக்கும். முதலாவது, ஒத்திவைக்கப்பட்ட ஆட்டங்கள் எந்தத் தேதிகளில் செருகப்படுகின்றன என்பது. இரண்டாவது, மாத இறுதியில் ஊதியம் உரிய நாளில் வழங்கப்படுகிறதா என்பது. புதிய உரிமையாளரின் உண்மையான முதல் தேர்வு அதுவே. மூன்றாவது, அக்டோபரில் எஃப்.ஏ. கோப்பைக்குள் நுழைவதற்கு முன்பாகப் புள்ளிப்பட்டியலில் கடைசி நான்கு இடங்களிலிருந்து அணி எவ்வளவு மேலே எழுகிறது என்பது.

உரிமை மாறியதாலேயே ஒரு கிளப் பிழைத்துவிட்டது என்று கூற இயலாது. சவுத்எண்ட் எழுந்து நிற்க ஒரு பருவம் போதுமானதாக இருந்தது. ஸ்கன்தார்ப் முதலில் இன்னும் ஒரு படி இறங்கிய பின்னரே ஏறியது. மோர்கம் எந்த வழியில் செல்லும் என்பதை இப்போது யாரும் கணிக்க முடியாது.

சனிக்கிழமை ஆட்டத்தில் வென்றால் மூன்று புள்ளிகள், சமன் செய்தால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. ஆனால், பெரி ரசிகர்களுக்கு 2019-இல் கிடைக்காத ஒன்று மோர்கம் ரசிகர்களுக்குக் கிடைத்துவிட்டது: தோற்றாலும் அடுத்த ஆட்டம் உண்டு.